தொங்கிப் பார்க்காத எழுத்து

டீக்கடைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பு அவர் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். தினமும் உட்காரும் அதே பெஞ்சுதான். நேற்றும் உட்கார்ந்திருப்பார், முந்தாநாளும் உட்கார்ந்திருப்பார். இருந்தாலும் அழுத்திப் பார்க்காமல் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

"ஒக்காருப்பா. பெஞ்சு ஒண்ணும் ஒன்ன முழுங்கிடாது" என்பார் கடைக்காரர்.

"முழுங்குறதா இருந்தா அதுவும் தொட்டுப் பாத்துட்டுதான முழுங்கும்" என்பார் இவர். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, கூரைக்கழியில் செருகியிருக்கும் அலுமினிய டம்ளரை எடுத்து அவருக்கு டீ ஊற்றுவார். அவர் டம்ளர் தனி. அவர் கடைக்குள் வருவதில்லை. அதைப் பற்றி அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் பேசியதில்லை, அவர் உட்பட.

தென்னேரிப் பக்கத்து ஆள். ஒல்லியான உடம்பு. அந்த உடம்புக்குப் பொருந்தாத நீளக் கைகள். காக்கி அரைக்கால் சட்டை, காதில் பென்சில், நெருங்கினால் வார்னிஷ் வாசனை. காஞ்சிபுரத்தில் அவரை எல்லோரும் எழுத்துக்காரர் என்றுதான் சொன்னோம். அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரே ஒருமுறை ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாளில் எழுதியதால்தான் இங்கே எழுதக் கை வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு புது மோகம் வந்தது. அதுவரைக்கும் தகரப் பலகையில் பெயிண்டால் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்த பட்டுக்கடைக்காரர்கள், முகப்புச் சுவரில் எழுத்துகளைத் தனித்தனியாகப் பதிக்க ஆசைப்பட்டார்கள். அதற்கு இவர்தான் ஆள். தேக்குப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாக அறுத்து, இழைத்து, வர்ணம் பூசி வைத்துக்கொள்வார். காக்கிக் காகிதங்களை ஒன்றோடொன்று ஒட்டி, முழுப் பெயரையும் அசல் அளவில் அதில் வரைந்து, அதைச் சுவரில் பசைபோட்டு ஒட்டுவார். எதிர்ச் சாரிக்குப் போய் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்ப்பார். பிறகு சாரத்தில் ஏறி, போல்ட்டு வரவேண்டிய இடங்களில் காகிதத்தின் மேலேயே ஆணியால் குத்துவார். காகிதத்தை உரித்தால் சுவரில் கோலப்புள்ளி வைத்ததுபோல் இருக்கும். புள்ளிக்குப் புள்ளி உளியால் துளை. துளைக்குள் மர ஆப்பு. ஆப்புக்குள் போல்ட்டு. எழுத்து சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி நிற்கும். வெயில் சாயும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் அதன் நிழல் விழுந்து, அதே பெயர் சுவரில் இரண்டு தடவை தெரியும்.

இதுவரைக்கும் மற்றவர்களும் செய்திருப்பார்கள். அவர் மட்டும் செய்தது இதற்குப் பிறகுதான். போல்ட்டை முடுக்கியதும் எழுத்தின் பின்னால் இரண்டு கை விரல்களையும் நுழைத்துப் பிடித்துக்கொள்வார். சாரத்திலிருந்து காலை எடுத்துவிடுவார். முழு உடம்பும் அந்த ஓர் எழுத்தில் தொங்கும். மூச்சை உள்ளே இழுத்து, விட்டு, மறுபடி இழுப்பார். பிறகு காலைச் சாரத்தில் ஊன்றிக்கொண்டு, "புடிக்குது" என்று சொல்வார். யாரிடமும் சொல்வதில்லை, எழுத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அடுத்த எழுத்துக்கு நகர்வார்.

தமிழில் மெய்யெழுத்துக்குமேல் ஒரு புள்ளி உண்டே, அது அவருக்குப் பெரிய பிரச்சினை. அது தனித் துண்டு. ஒரே போல்ட்டு. அதில் ஆள் தொங்க முடியாது. அதற்காக ஒரு செங்கல்லைச் சணல் கயிற்றில் கட்டி, புள்ளியில் மாட்டி, அடுத்த எழுத்து முடியும்வரை தொங்கவிடுவார். ஒரு நகைக்கடைக்காரர் பொறுக்காமல், "ஏம்பா, புள்ளி மேலகூட ஒனக்கு நம்பிக்கை இல்லியா" என்று கேட்டார். "புள்ளிதான் சார் மொதல்ல வுழும். சின்னதுன்னு எல்லாரும் அலட்சியமா மாட்டுவாங்கோ" என்றார்.

சினிமாக் கொட்டகைக்கு அவர் எழுத்து மாட்டியபோது நான் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். மேட்னி கூட்டம். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தொங்கத் தொங்க, வரிசையே தலையை உயர்த்திக்கொண்டு விசிலடித்தது. "ஏம்பா, படம் உள்ளாற ஓடுதா, வெளியில ஓடுதா" என்று ஒருவன் கத்தினான். மேலேயிருந்து பதில் வந்தது: "வெளியில ஓடுறது ஓசி. நல்லா பாத்துக்கோ." கவுண்ட்டர் திறந்த பிறகும் நாலைந்து பேர் உள்ளே போகாமல் கடைசி எழுத்துவரை நின்று பார்த்தார்கள்.

ஒருமுறை ஒரு ஜவுளிக்கடை முகப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் வயிறு தள்ளியிருக்கிறது, நான் மாட்ட மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டார். "அம்பது வருசமா நின்னுக்கினு இருக்குது, ஒனக்கு மட்டும் வயிறு தெரியுதா" என்று கடைக்காரர் திட்டினார். "நிக்கறது வேற சார், புடிக்கறது வேற" என்றார் இவர். வேறு யாரோ வந்து மாட்டினார்கள். அந்தச் சுவர் இன்றுவரை விழவில்லை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், "வுழலன்னா நல்லதுதானப்பா. நான் என்ன வுழணும்னா வேண்டிக்கினு இருக்கேன்" என்பார்.

நான் நெசவாளர் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். எனக்கு ஒரே பெண், வசந்தா. அவள் பிறந்த நாளிலிருந்து நான் பயந்தவன். கிணற்றுக்கு மூடி போட்டேன். ஸ்டவ்வை அவளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லி மனைவியோடு சண்டை போட்டேன். தேர் அன்று அவளைத் தோளிலிருந்து இறக்க மாட்டேன். அந்த வகையில் எழுத்துக்காரரும் நானும் ஒரு ஜாதி என்று நினைத்துக்கொள்வேன். அப்படி இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவர் சந்தேகப்பட்டதைத் தொட்டுப் பார்ப்பார். நான் பயப்படுவதோடு சரி.

சங்கத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தத்தில் திறப்பு. நாலு நாளாக எழுத்துக்காரர் வேலை செய்தார். பள்ளிக்கூடம் விட்டதும் வசந்தா சங்கத்துக்கு வந்துவிடுவாள்; என்னோடுதான் வீடு திரும்புவாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. தாழ்வாரத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நீ ஏன் தொங்குற?" என்று அவரைக் கேட்டாள்.

"ஒங்க அப்பா ஆபீசு மேல இருக்குற பேரு நாளைக்கு யாரு தலைலயாவது வுழலாமா? அதுக்குதான்."

"நான் தொங்கினா தாங்குமா?"

"நான் மாட்டுனது எதா இருந்தாலும் ஆளத் தாங்கும்மா. நீ எம்மாத்தம், பூன கனம் இருப்பியா?"

வியாழக்கிழமை பிற்பகல் ஒரே எழுத்துதான் பாக்கி. சங்கம் என்ற சொல்லின் கடைசி எழுத்து. கட்டடத்தின் வலது ஓரத்தில், தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவருக்கு நேர் மேலே வரவேண்டியது அது. உளியை வைத்து ஓர் அடி அடித்தார். உளி உள்ளே போய்விட்டது. மூலையில் முழுச் செங்கல் வைக்காமல், உடைந்த துண்டுகளைப் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டி மூடியிருந்தான் கொத்தனார். எழுத்துக்காரர் அதையெல்லாம் நோண்டி எடுத்து, புதுச் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி, அதில் போல்ட்டுகளைப் பதித்தார். கீழே இறங்கி வந்தார்.

"சார், இந்த ஒண்ண இப்ப மாட்ட வேணாம். சிமிட்டி இறுகணும். ஈரத்துல கனம் ஏத்துனா அப்பால எப்பவும் புடிக்காது. திங்கக்கெழம வந்து மாட்டிடறேன்."

சங்கத் தலைவர் அங்கேதான் இருந்தார். தறி ஓட்டி வளர்ந்தவர், நல்லவர்தான். அவர் முகம் சுருங்கியது. "முகூர்த்தப் பொடவைல ஒரு எழை வுட்டுப்போனாலே கல்யாண வூட்டுக்காரன் தொடமாட்டான். ஒரு எழுத்தே இல்லாம சங்கத்தத் தொறக்கறதா? கொறையோட எதயும் ஆரம்பிக்கக் கூடாதுப்பா" என்றார். எழுத்துக்காரரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

இனி அது என் பொறுப்பு. மறுநாள் வரப்போகிறவர்களின் பட்டியல் என் சட்டைப் பையில் இருந்தது. வாழைமரம் இன்னும் வரவில்லை. நாதஸ்வரக்காரர் கேட்ட ஜமக்காளம் கிடைக்கவில்லை.

"மாட்டிடுப்பா" என்றேன்.

"சார், ஒரு மாலைய போட்டு அந்த எடத்த மறைச்சிடலாம்."

"தலைவர் சொன்னத கேட்டல்ல? நாளைக்கு ஒரு நாள் நின்னா போதும்."

"நின்னுடும் சார். நிக்கும். ஆனா..."

"அப்புறம் என்ன? மாட்டு."

ஏறினார். மாட்டினார். பழக்கத்தில் எழுத்தின் பின்னால் விரல்களை நுழைத்தார். பிறகு ஈரச் சிமெண்டைப் பார்த்தார். விரல்களை மெதுவாக வெளியே எடுத்தார். இறங்கினார். போகும்போது, "திங்கக்கெழம வந்து கழட்டி ஒழுங்கா மாட்டறேன் சார். அதுவரைக்கும் யாரும் கை வைக்காம பாத்துக்கோ" என்றார்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. எழுத்துகள் பளிச்சென்று இருந்தன என்று எல்லோரும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை ஏணியோடு வந்து நின்றார். நான் தலைவரிடம் கேட்டேன். "பூஜ போட்ட கட்டடம்பா. ஒரு மண்டலம் ஆகாம சொவத்துல உளி படக்கூடாது. அதோட அவன் மறுபடி மேல ஏறுனா, மறுபடி ஐயரக் கூப்புட்டுக்கினு இருக்கணும். நாப்பத்தெட்டு நாள் கழிச்சிப் பாத்துக்கலாம்." வெளியே வந்து எழுத்துக்காரரிடம் நாற்பத்தெட்டு நாளை மட்டும் சொன்னேன். மற்றதையும் அவர் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் வந்தார். உளி எடுக்கவில்லை, சும்மா தொங்கி மட்டும் பார்க்கிறேன் என்றார். உள்ளே வெளியூர் வியாபாரிகள் இருந்தார்கள். "இப்ப போப்பா" என்றேன். அதற்கடுத்த வாரமும் வந்தார். கையில் ஒரு கட்டு கருவேல முள் வைத்திருந்தார். "இதயாவது அந்த எழுத்துக்குக் கீழ கட்டிடு சார்." முள்ளைச் சங்கத்து வாசலில் கட்டுவதா என்று எனக்குக் கோபம் வந்தது. "பெஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாக்குற ஆளு நீ. ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றேன். அவர் அந்த முள்கட்டைத் தெருவில் போடாமல், யார் காலிலாவது குத்தும் என்று தலையிலேயே வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

நாலாவது வாரம், ஒரு மாலை, நான் உள்ளே நூல் இருப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஏதோ விழுந்த சத்தம். முதலில் பலகைச் சத்தம், அப்புறம் இன்னொன்று. வசந்தா கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, எகிறி, கடைசி எழுத்தின் அடியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். செங்கல்லோடு பெயர்ந்து வந்துவிட்டது. படிக்கட்டின் விளிம்பில் அவள் இடுப்பு பட்டிருந்தது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நான் தொங்கிப் பாத்தேன்பா" என்றாள்.

நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு தடவை எலும்பை உடைத்துக் கட்டினார்கள். இடது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது.

எழுத்துக்காரர் மறுநாளே வந்தார். வார்டு வாசலிலேயே நின்றார். எடைக்கல் கட்டித் தூக்கி வைத்திருந்த வசந்தாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தொங்கிப் பாக்காம எறங்கிட்டேன் சார்" என்றார். நான் மாட்டச் சொன்னதைப் பற்றி, மூன்று வாரம் என்னிடம் நடையாய் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மனைவி எழுந்து போய், "எங்க கண்ணுல முழிக்காத. ஒரு பொண்ணோட காலு போச்சு. ஒன் கை வெளங்குமா" என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். வார்டு முழுவதும் பார்த்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

சங்கத்தில் விசாரித்தார்கள். அறிக்கை எழுத வேண்டியவன் நான். எழுத்துகளைப் பொருத்தியவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதினேன். அங்கேதான் அவருடைய பெயரை எழுதினேன், தகப்பனார் பெயரோடு, ஊரோடு. தலைவர் படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு காஞ்சிபுரத்தில் அவரை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பிறகு சாரக் கழிகளை ஒரு கொத்தனாருக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார்.

ஆறேழு வருஷம் கழித்து ஒருநாள் பஸ் வாலாஜாபாத்தில் நின்றபோது ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். ஓர் அரிசி ஆலைச் சுவரில், தரையில் நின்றபடி, பிரஷ்ஷால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். வெறும் பெயிண்டு. சுவரைவிட்டு ஒரு நூல்கூட வெளியே வராத எழுத்து. தலை முழுக்க நரைத்திருந்தது. இறங்கிப் போய்ப் பேசிவிட வேண்டும் என்று பையைக் கையில் எடுத்தேன். கண்டக்டர், "எறங்கறதா இருந்தா எறங்கு சார், வண்டி எடுக்கணும்" என்றார். நான் பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் வசந்தாவைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தார்கள். காலைப் பற்றி முன்கூட்டியே சொல்லித்தான் வரவழைத்திருந்தேன். அவள் நடந்து வந்து காபி கொடுத்ததும் பையனின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "எப்புடி ஆச்சு?"

பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில் என் வாயில் தயாராக இருந்தது. "போர்டு எழுத்து மாட்டுனவன் சரியா மாட்டாம வுட்டுட்டான்மா. கொழந்த மேல வுழுந்துடுச்சு."

வசந்தா தட்டைக் கீழே வைத்தாள். "அப்படி இல்லீங்க. அவரு மாட்ட வேணாம்னுதான் சொன்னாரு. அப்பாதான் அவசரப்படுத்துனாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் பதில் வரவில்லை. வருமா என்று தெரியாது.

அவர்கள் போன பிறகு அவளிடம் கேட்டேன்: "ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அன்னிக்கு நான் தாழ்வாரத்துலதானப்பா கணக்கு போட்டுக்கினு இருந்தேன். நாளைக்கு ஒரு நாள் நின்னா போதும்னு நீங்க சொன்னத கேட்டேன். ஒரு நாள்தான சொன்னீங்க. அப்புறம் சரி பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சிக்கினுதான் தொங்குனேன்."

மீதியையும் அவளே சொன்னாள். ஆசிரியப் பயிற்சிக்கு ரயிலில் போய்வந்த காலத்தில் வாலாஜாபாத்தில் இறங்கி விசாரித்து அவரைத் தேடிப் போயிருக்கிறாள். ஒருமுறை இல்லை, பலமுறை.

"மொத தபா போனப்ப எழுந்து நின்னுட்டாரு. நடந்து காமின்னு சொன்னாரு. நடந்தேன். ரொம்ப நேரம் பாத்தாரு. உங்க மேல தப்பு இல்ல, எனக்குத் தெரியும்னு சொன்னேன். 'ஒனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட காட்டிக்காதமா. பொண்ணப் பெத்தவரு, அவருக்கு தூக்கம் போயிடும்'னாரு. காட்டிக்க மாட்டேன்னு அவருக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"இப்ப ஏன் சொன்ன?"

"போன தையில பூட்டாருப்பா. சொரம் வந்து மூணே நாள்ல."

அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நிலைப்படியில் என் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் பேசப் பேச பக்கத்துலதான நின்னீங்க" என்றாள்.